பதுளைக்குப் போய் வாங்கி வந்த இரத்த அறிக்கை

போன புதன்கிழமை நாங்கள் பதுளைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. என் கணவர் ரவியின் இரத்த அறிக்கையை வாங்க. எனக்குள் தலசீமியா என்ற இரத்த நோயின் மரபணு ஒன்று இருப்பது மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. இரும்புச் சத்து மாத்திரை எவ்வளவு போட்டும் இரத்தம் ஏறவில்லை என்று சோதித்துப் பார்த்தார்கள். நான் நோயாளி இல்லை, வெறும் 'காவி', அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவள் மட்டும். ஆனால் ரவி என் சொந்த அத்தை மகன். அவரும் காவியாக இருந்தால், பிறக்கும் பிள்ளைக்கு அந்த நோயே வரலாம். இரண்டாவது பிள்ளை பற்றிய பேச்சை இந்த அறிக்கை வரும்வரை நிறுத்தி வைத்திருந்தோம்.

ஹல்துமுல்லையில் காலை 6.10 பஸ். ஆளுக்கு 270 ரூபாய். இரண்டு வயது மகளுக்கு மடிதான் சீட். ஹப்புத்தளை வரை ஒரே வளைவு. மகள் வாந்தி எடுப்பாள் என்று நான்கு பொலித்தீன் பை எடுத்துப் போயிருந்தேன், இரண்டோடு முடிந்தது. (பிள்ளையோடு போகிறவர்கள் சிரிக்காதீர்கள், கொண்டு போங்கள்.)

ஹப்புத்தளை தாண்டியதும் வெயில் வந்தது. சாலையின் ஒரு பக்கம் ஒரே பச்சையில், ஒரே உயரத்தில், துண்டு வெட்டி நட்ட தேயிலை. மறுபக்கம் பழைய விதைத் தேயிலை. செடிக்குச் செடி நிறம் வேறு. ரவி தோட்டத்து நாற்று மேடையில் வேலை செய்பவர். மரபணுக் கணக்கை அவருக்கு விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"நீங்க ஒரு எலையும் மொட்டுமா வெட்டி நடுறீங்களே, அது எப்படி வளருது? ஒரு செல்லு ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்குறத அப்படியே படியெடுத்துக்கும். அதான் தாய்ச் செடி மாதிரியே வருது."

"வெதச் செடி?"

"அதுக்கு ரெண்டு பக்கம். மகரந்தத்துல பாதி, சூல்ல பாதி. நம்ம புள்ளையும் அப்படித்தான். ஒவ்வொரு மரபணுவும் எங்கிட்ட ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணுதான் புள்ளைக்குப் போகும். இந்த நோய்க்கான மரபணுவுல எங்கிட்ட ஒண்ணு பழுது. எது போகும்னு யாருக்கும் தெரியாது."

"எங்கிட்டயும் ஒரு பழுது இருந்தா?"

"ரெண்டு பழுதும் ஒண்ணா சேர நாலுல ஒரு வாய்ப்பு."

ரவி மகளைப் பார்த்தார். "மூத்தவதான் நல்லா இருக்காளே. அப்ப அடுத்தது மூணுல ஒண்ணா?"

"இல்லைங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் சீட்டப் புதுசாத்தான் குலுக்குவாங்க."

"படிச்ச பொண்ணக் கட்டுனா பஸ்ஸுலயும் பாடந்தான்," என்றார்.

8.45க்குப் பதுளை. ஸ்டாண்டில் ஆட்டோக்கார முஸ்லிம் அண்ணன் 300 கேட்டார், மகள் சிரித்ததும் 250 ஆக்கினார். "சின்னவங்களுக்கு சுகமில்லையா தங்கச்சி?" என்று கேட்டார். "இல்லை நானா, அவ அப்பாவுக்குத்தான் டெஸ்ட்," என்றேன். ரவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டு, "ஐயா காவி இல்லை," என்றார். எங்கள் பிள்ளைகள் என்னைப்போல் காவியாகலாம். அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோய் வராது. எனக்கு அழுகை வந்தது, ரவிக்குப் பசி வந்தது. அப்போதுதான் நர்ஸ் என்னிடம் கேட்டார்: "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

இருக்கிறான். என் தம்பி செல்வா. வரும் தையில் கல்யாணம், அவனுக்கும் சொந்தத்தில்தான் பெண். என்னிடம் இருப்பது அவனிடமும் இருக்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை, பாருங்கள்.

நான் எப்படிச் சொல்வதென்று தயங்கும்போதே ரவி போனை எடுத்துவிட்டார். மூன்று மாதம் சாக்குச் சொல்லி ஊசிக்கு ஓடி ஒளிந்த மனுசன்! "மச்சான், நீயும் பொண்ணும் வந்து ரத்தம் குடுக்கணும். பயப்படாத, எறும்பு கடிச்ச மாதிரிதான். இருந்தா என்னன்னு கேக்குறியா? கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சா யோசிச்சு முடிவெடுக்கலாம்ல."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: இரத்தம் கொடுக்க ஒரு நாள், அறிக்கைக்கு இன்னொரு நாள். எங்களுக்கு நடுவில் மூன்று வாரம் ஆனது. வெறும் வயிற்றோடு போக வேண்டாம் என்றார்கள். சொந்தத்தில் கட்டுகிறவர்கள் மட்டுமில்லை, எல்லோருமே கல்யாணத்துக்கு முன் பார்ப்பது நல்லது. இருவரில் ஒருவர் காவி இல்லையென்றாலே பெரிய பயம் போய்விடும்.

செல்வாவும் அவன் கட்டப்போகும் பெண்ணும் கல்யாணப் புடவை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வெலிமடைக்குப் போவதாக இருந்தார்கள். ஞாயிறு இரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால் இப்போது அதை வேலை நாளுக்கு மாற்றி, பதுளைக்கே வருகிறார்கள். முதலில் இரத்தம், பிறகு புடவை.