நீமாவின் கடைசி ஆட்டத்துக்குக் காரில் போன கதை

இல்லை, ட்ரெயினில்தான் போயிருக்க வேண்டும். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஏறி, வைட்சாப்பலில் மாறி, சவுத்தாலில் இறங்க ஐம்பத்தைந்து நிமிடம். தெரியும். தெரிந்தும் காரில் ஏறினேன்.

போன ஞாயிறு நீமாவின் கடைசி ஆட்டம். கென்ய அணியின் முன்கள வீராங்கனை. மூன்று வருடமாக மேற்கு லண்டனில் ஒரு சின்னக் கழகத்துக்கு ஆடினார். முப்பத்துமூன்று வயது. முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. இனி நாடு திரும்புகிறார். இந்த மூன்று வருடமும் நான் அவரைப் பார்த்தது ஃபோன் திரையில் மட்டும். பெண்கள் உதைபந்தாட்டம் ஞாயிறுகளில்; எங்கள் ஆட்களின் விசேஷங்களும் ஞாயிறுகளில். இந்த ஒரு நாளையாவது விடக்கூடாது என்று டிக்கெட் எடுத்தேன். எட்டுப் பவுண்டு. ஆட்டம் இரண்டு மணிக்கு.

அம்மாவின் தம்பி குகன் மாமாவுக்கு அன்று சவுத்தாலில், தெரிந்தவர் மகளின் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா.

"ஞாயிற்றுக்கிழமையில ட்ரெயினை நம்பிறியோ? நான் அந்தப் பக்கம்தானே போறன். கிரவுண்ட் வாசலில இறக்கி விடுறன்."

பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டு பத்துக்கு வந்தார், பட்டு வேட்டியோடு. இருபது மைல். ஹாங்கர் லேனில் கார் அசையவில்லை.

"ஆர் அந்தப் பிள்ளை? அவ்வளவு பெரிய ஆளோ?"

சொன்னேன். மூன்று நாடுகள், நான்கு கழகங்கள், எங்கும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். விசா பிந்தியதால் ஒரு பருவம் முழுக்க ஆடவில்லை. ஒருமுறை தேசிய அணிக்குக் கூப்பிட்டுவிட்டு விமானச் சீட்டை அனுப்ப மறந்து, கடைசி நேரத்தில் அனுப்பினார்கள். ஆட்டத்தன்று காலையில் போய் இறங்கி, தூங்காமல், இரண்டாம் பாதியில் கோல் போட்டார்.

"பாவம். ஆரோ பிந்தினதுக்கு அவ என்ன செய்வா?" என்றார் மாமா.

நான் மணியைப் பார்த்தேன். ஒன்று இருபது.

ஒன்று நாற்பத்தைந்துக்குக் கார் நின்றது. மைதான வாசலில் அல்ல. வாழை கட்டிய மண்டப வாசலில்.

"அஞ்சு நிமிசம். முகத்தைக் காட்டிப்போட்டு ஓடுவம்."

உள்ளே ஒரு மாமி என் கென்யா ஜெர்சியை மேலும் கீழும் பார்த்தார். "உதென்ன பிள்ளை, சாமத்திய வீட்டுக்குப் பந்தடிக்கவோ வந்தனீ?"

"விசிலும் கொண்டு வந்தவள், கவனம்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார்.

இந்த மண்டபங்களில் முகம் காட்டுவது என்றால் படத்தில் முகம் விழுவது. மேடையடியில் வரிசை. குடும்பம் குடும்பமாகக் கூப்பிடுவார்கள். படத்தில் இல்லாதவர் வரவேயில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தேடிப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் எடுப்பார்கள். ஆகவே நின்றேன். இரண்டு மணி. இரண்டு பதினைந்து. இரண்டரை.

இரண்டு ஐம்பதுக்கு எங்கள் முறை. நாற்காலியில் விழாப் பிள்ளை அபி, பதின்மூன்று வயது, தலை நிமிர்த்த முடியாத நகை. திரும்பி என் முதுகில் இருந்த பெயரைப் படித்தாள்.

"அக்கா, ஹூ இஸ் நீமா?"

"கென்யா ஸ்ட்ரைக்கர். இண்டைக்குக் கடைசி மேட்ச்."

"இண்டைக்கா? எப்ப?"

"இப்ப. நடந்துகொண்டிருக்கு."

"தென் வை ஆர் யூ ஹியர்?"

"எல்லாரும் இங்க பாருங்கோ" என்றார் கேமராக்காரர். "சிரியுங்கோ."

சிரித்தேன். அந்தப் படத்தில் நான் இருக்கிறேன்.

மாமா சாப்பாட்டுப் பக்கம் போனார். நான் வெளியே வந்து ஓடினேன். மைதானம் ஒன்றரை மைல். மூன்று பதினெட்டுக்கு வாசலில் டிக்கெட்டைக் காட்டினேன். உள்ளே கைதட்டல் கேட்டது. கோட்டருகே தூக்கிப் பிடித்த பலகையில் சிவப்பாக ஒன்பது. நீமாவின் எண். அவரை வெளியே எடுக்கிறார்கள்.

நடுவட்டத்திலிருந்து அவர் நடந்து வந்தார். இடது காலைக் கொஞ்சம் காப்பாற்றியபடி. அணித்தலைவியின் கைப்பட்டியைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுத்தார். இருபது வினாடி இருக்கும். பதினான்கு வருட ஆட்டத்தில் நான் நேரில் பார்த்தது அந்த நடை.

இரண்டாவது கோலைப் பார்த்தாயா என்று பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பெண் கேட்டார். இரண்டுமே நீமா போட்டதாம். இல்லை என்றேன். அவர் முகத்தில் வந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீமா பிந்தி வந்தும் கோல் போட்டவர். நான் பிந்தி வந்து கைதட்டினேன். மாமாவைத் திட்டிக்கொண்டே தட்டினேன். ஆனால் அந்த வரிசையில் என்னை யாரும் கட்டி வைத்திருக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு மணிக்கே உள்ளே விடுகிறார்கள். சவுத்தால் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடை. ஞாயிறுகளில் தண்டவாள வேலை இருக்கும், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டு வேட்டி கட்டியவரின் காரில் ஏறாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஃபோன் அடித்தது.

"எங்க நிக்கிறாய்? உனக்கும் சாப்பாடு கட்டி வச்சிருக்கு. அங்கயே நில், அஞ்சு நிமிசத்தில வாறன்."

"வேண்டாம் மாமா" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். ஸ்டேஷனுக்கு நடந்தேன்.