வருடம் போடாத நோட்டீஸ்

கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன். ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது.

என் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் கல்லூரி நோட்டீஸ் ஒன்று வந்தது. விண்ணப்பம் போடக் கடைசி நாள் என்று அதில் இருந்த தேதி முந்தின வாரமே முடிந்திருந்தது. நம்பிவிட்டேன். "மில்லு வேலைக்குப் போடி" என்றேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் அறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே டீச்சர் பாடம் நடத்தினார்.

"நெட்டுல எதைப் பார்த்தாலும், யாரு போட்டது, எந்த வருசம் போட்டதுன்னு முதல்ல பாருங்க."

மாப்பைச் சாய்த்துவிட்டு போனை நீட்டினேன். "டீச்சர், இதுல வருசத்தையே காணோமே?"

அவர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். "நீங்களே தேடிச் சொல்லுங்க."

அந்தக் கல்லூரியின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பிள்ளை கத்தினாள்.

"ஆயாம்மா, இது போன வருசத்து நோட்டீசு! இந்த வருசம் நாளைக்கு வரைக்கும் டயம் இருக்கு!"

வகுப்பே கைதட்டியது. அன்றைக்கே விண்ணப்பம் போட்டோம். இப்போது என் மகள் வெள்ளை உடுப்பில் கல்லூரிக்குப் போகிறாள்.

குழுவில் எது வந்தாலும் வருடம் கேட்கிறேன். "வாத்தியாரம்மா வந்துட்டாக, பதில் சொல்லுங்கப்பா" என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். மில்லுக்குப் போகச் சொன்னதை மகள் இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. நான்தான் மறக்கவில்லை.