லினக்ஸ் வீட்டில் ஒரு நுழைவுத் தேர்வு

நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. என் மகள் ஒரு வருஷம் விழுந்து விழுந்து படித்த கல்லூரி நுழைவுத் தேர்வு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம் என்றார்கள். ஆனால் அந்தத் தேர்வு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். எவன் செய்தானோ, அவன் கட்டையில் போக!

பெங்களூரில் பதினெட்டு வருஷமாக கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கிறவன் நான். நீங்கள் ரயில் டிக்கெட் போட்டாலும் பணம் அனுப்பினாலும், பின்னால் உழைப்பது பெரும்பாலும் லினக்ஸ் என்கிற இயங்குதளம்தான். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் அடித்தளம். எங்கள் ஆபீஸ் மேனேஜர்களுக்கு மேக், அக்கவுன்ட்ஸ்காரர்களுக்கு விண்டோஸ். விண்டோஸை நான் ‘ஜெராக்ஸ் கடை சிஸ்டம்’ என்றுதான் நக்கலடிப்பேன். மகளுக்கு லேப்டாப் வாங்கிய அன்றே அதிலிருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன்.

பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்குத் திறந்தால், ‘இந்தச் சிஸ்டத்தில் இயங்காது’ என்றது. என்னென்னவோ கமாண்ட் அடித்தேன். ஊஹும். ஹெல்ப்லைனில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க பெருமையைக் கொண்டுபோய் ஒடைப்புல போடுங்க. பொண்ணைக் கூட்டிக்கிட்டு கீழே எறங்குங்க” என்று மனைவி கத்தினாள்.

கீழே நிஜமாகவே ஜெராக்ஸ் கடை. வியாழக்கிழமை, விவேக் நகர் தெருவெல்லாம் சர்ச்சுக்கு நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல், “வாம்மா, உக்காரு” என்று தன் விண்டோஸ் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியைக் கொடுத்தார். வந்தவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற கேமராவை மாட்டிக் கொடுத்தார். தேர்வு முழுக்கக் கேமரா ஓட வேண்டுமாம்; அதில் வேறு ஆள் தெரியக் கூடாதாம். மனைவி மகளுக்குப் பின்னால் ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டாள். மகள் எழுதத் தொடங்கும்போது மணி பத்து நாற்பது.

வெளியே நின்று கடைக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். “படுபாவிங்க! ஒரே சிஸ்டத்துல மட்டும் ஓடுற மாதிரி எவனாவது பரீட்சை வைப்பானா சார்? புள்ளைங்க வாழ்க்கையோட வெளையாடுறானுங்க!”

மகள் வெளியே வந்தாள். கடைசி இருபது கேள்விகளைப் படிக்கக்கூட நேரமில்லையாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு மறுபடி ஏறியது. விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.

“போதும்பா” என்றாள். “ஹால் டிக்கெட்லயே போட்டிருந்தது, விண்டோஸ் வேணும்னு. போன வாரமே உங்ககிட்ட காட்டினேன். ‘அதெல்லாம் நான் ஓட வெச்சுத் தரேன், நீ போய்ப் படி’ன்னீங்க. நான் போய்ப் படிச்சேன்.”