ஷர்மினியின் இரும்பு

ஷர்மினிக்கு முப்பத்தொரு வயது. கெலுகோரில் குமாஸ்தா வேலை. தலசீமியா நோயுடன் பிறந்தவள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ தானம் செய்த இரத்தம் ஏற்றிக்கொண்டால்தான் நடமாட முடியும். அதிலுள்ள இரும்பு உடம்பில் தேங்கி இதயத்தைக் கெடுக்கும். அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. அந்த இரும்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கித்தான் விண்வெளிப் புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தாள்.

அம்மா குணவதி மாமன் மகனைக் கட்டியவர். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். உறவினர்களோ பழியைக் குணவதி மேல் மட்டும் போட்டார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள். குணவதியும் நம்பினார்.

தம்பி கோகுலனுக்கு லிட்டில் இந்தியா துணிக்கடைக்காரர் வீட்டில் பெண் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்யட்டும் என்றாள் ஷர்மினி. குணவதி மறுத்தார். அவர் சொல்லாமல் கோகுலன் அசையமாட்டான்.

ஒரு புதன்கிழமை காலை, இரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது வார்டிலேயே சண்டை.

"டெஸ்ட்டுன்னா ஏன்னு கேப்பாங்க லா. கல்யாணம் நின்னுட்டா? என் பாவத்த ஊருக்கே காட்டணுமா?"

"எந்தப் பாவம்மா? இந்த இரும்பு நட்சத்திரத்துக்குள்ள உண்டானது. பூமியே இல்லாத காலம். அப்ப யாரும்மா பாவம் பண்ணா?"

"ராக்கெட்டு வுட ஆரம்பிச்சிட்டியா? அப்ப இந்த ஜீனும் அங்கேந்துதான் வந்திச்சா?"

"இல்லம்மா. நட்சத்திரம் சாமான் மட்டும் குடுத்திச்சு. மிச்சம் இங்க நடந்தது. மலேரியா வந்து ஊரு ஊரா செத்தப்ப, இந்த ஜீன் ஒண்ணு இருந்தவங்க அதிகமா பொழச்சாங்க. அவங்க வாரிசு நாம. ஒண்ணு இருந்தா காப்பு. ரெண்டு சேந்தா நானு. யாரும் திட்டம் போடல."

பிரபஞ்சத்தின் கதையும் உயிரின் கதையும் ஒன்றல்ல. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. இரண்டிலும் தண்டிப்பதற்கென்று எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வேலையை உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குணவதி இரண்டு விரல்களை நீட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ரெண்டுன்னா, ஒண்ணு உங்கப்பாவோடதா?"

"பின்ன? டாக்டர் அன்னைக்கே சொன்னாரே."

"அவர யாரும் ஒரு வார்த்த கேக்கலியே. முப்பது வருஷமா!"

முகம் சிவந்துவிட்டது. அங்கேயே கைப்பேசியை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, குணவதி பேசறேன். கோகுலன் இந்த வாரம் ரத்தம் டெஸ்ட்டு பண்றான். பொண்ணும் பண்ணிக்கட்டும். எங்க வீட்ல தலசீமியா இருக்கு."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"என் பக்கம் மட்டும் இல்லீங்க," என்றார் குணவதி, வார்டு முழுக்கக் கேட்கும்படி. "அவரு பக்கமும்தான்."