வெறுந்தாளில் வைத்த கையெழுத்து

குறுகிய ஓடுபாதையிலிருந்து எழும்பும் சரக்கு விமானத்துக்குப் பெரிய புரொப்பெல்லர் வேண்டும். அதையும் எஞ்சினையும் இறக்கையோடு பிடித்து வைத்திருக்கும் இறப்பர்த் தாங்கிகள் தளர்ந்தால், புரொப்பெல்லர் சுழலும்போதே எஞ்சினின் மூக்கும் தனியாக வட்டம் போடத் தொடங்கும். வட்டம் பெருத்தால் எஞ்சின் இறக்கையைப் பிய்த்துக்கொண்டு போகும். எந்த வேகம் வரை அது அடங்கி நிற்கும் என்று பார்ப்பதுதான் கண்டி ஆய்வுகூடத்தில் எங்கள் இருவரின் வேலை.

கூட வேலை செய்தவன் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவன். என்னைவிட இளையவன், அக்கா என்பான். நான் யாழ்ப்பாணத்தவள், வீடு கலகெதரவில். காற்றுச் சுரங்கத்தின் விசிறியை அவன் இயக்குவான். உள்ளே சுழலும் சிறிய மாதிரியை நான் கண்ணாடி வழியே பார்ப்பேன். மூக்கு ஆடினால் கையை உயர்த்துவேன், அவன் காற்றை நிறுத்துவான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தாள். அதில் இயக்கியவர், பார்த்தவர் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கோ நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் காலையிலேயே வெறுந்தாள்களில் கையெழுத்திட்டு வைத்துவிடுவேன். மிச்சத்தை அவன் எழுதிக்கொள்வான். அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு சோம்பல்.

கடைசி நாள், தாங்கி பழசானால் என்னாகும் என்று பார்க்க, அவற்றை வேண்டுமென்றே தளர்த்தி ஓட்டினோம். நினைத்த வேகத்துக்கு வெகு முன்பே மூக்கு வட்டம் போட்டது. கையை உயர்த்தினேன், நிறுத்தினான். முகம் வெளிறிப்போய், இதை அப்படியே எழுதுகிறேன் என்றான். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுவாரம் பல்லேகலவில், தாங்கி செய்யும் நிறுவனத்தில் கூட்டம். அந்தத் தாள் திரையில் வந்தது. ஆட்டம் இல்லை என்று அவன் எழுத்து, கீழே என் கையெழுத்து. அவனுக்கு அந்த நிறுவனத்திலேயே வேலை கிடைத்திருப்பதும் அந்த மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பறித்தவன் பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

மாதிரி ஆடியது, இது பொய் என்றேன். தலைமை வகித்த எங்கள் ஆய்வுகூட அதிகாரி அவனைப் பார்த்தார்.

"அக்கா அன்னைக்கி பஸ்ஸுக்கு அவசரமா இருந்தாங்க சேர். வேற நாள நெனச்சிக்கிட்டு பேசுறாங்க."

அவர் என் பக்கம் திரும்பி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். வெறுமனே ஆமென்றால் அந்தத் தாங்கி விமானத்தில் ஏறிவிடும்.

"ஓம், என்ரதான். ஆனா வெறுந்தாளில வைச்சனான். எல்லாத் தாளிலயும் அப்பிடித்தான்."

அவன் திகைத்துப் போனான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போடுவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

தாங்கிக்கு அனுமதி நின்றது. எங்கள் ஓட்டங்கள் ஒன்றும் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பார்க்காததற்குக் கையெழுத்து வைத்தவளை நம்ப முடியாது என்று என்னை நீக்கினார்கள். அவன் மீது எதுவும் நிரூபணமாகவில்லையாம். மறுபரிசோதனையை அவனிடமே கொடுத்தார்கள்.