ஒரு மாத்திரை அளவு ரோஜா நிறம்

திருநாவுக்கரசுக்கு உட்காரத் தெரியாது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில், 1959இல் வேலையில் சேர்ந்த அன்று, அவருக்கென்று ஒரு முக்காலி கொடுத்தார்கள். ஒன்பது வருடம் கழித்தும் அதன் வார்னிஷ் கலையவில்லை. ஊருக்குள் டாலிகஞ்ச் பகுதியில் இருந்த வீட்டில் சோற்றையும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். அவர் மனைவி சந்திரமதி முதல் வருடம் அதற்காகச் சண்டை போட்டாள். அப்புறம் தட்டை ஜன்னல் விளிம்பில் வைக்கப் பழகிக்கொண்டாள்.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலை காத்திருப்பது. சளியில் கிருமி வளர இரண்டு நாள். சந்தேகச் சாவென்றால் குடலை உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து, மெயின்லாண்டுக்குக் கப்பலில் அனுப்பி, பதில் வர நான்கு மாதம். ஒவ்வொரு கப்பலுக்கும் அவர் துறைமுக ஜெட்டிக்கு ஓடுவார். பதில் வந்திருக்காது. திரும்பியும் ஓடியே வருவார்.

1967இல் கல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் ஒரு புதுச் சோதனை கொண்டுவந்தார். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை விழுங்குகிறார்களா, துப்பிவிடுகிறார்களா என்று கண்டுபிடிக்க. சிறுநீரில் ஒரு மில்லி, மூன்று ரசாயனம் கலந்த அமிலநீர் ஒரு மில்லி, அவ்வளவுதான். மருந்து கொஞ்சமாக இருந்தால் வெளிர் ரோஜா. கூடக்கூட நிறம் ஏறி, மிக அதிகமென்றால் கருஊதா. டாக்டர் தன் கையாலேயே நான்கு கட்டம் வரைந்து வண்ணம் தீட்டிய அட்டை ஒன்று சுவரில் தொங்கியது. பத்து நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் நிறத்தை நம்பக் கூடாது. உலகத்தில் எவனோ தன்னை மனதில் வைத்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று திருநாவுக்கரசு நம்பினார்.

மறு வருடம் செப்டம்பரில் ஹேவ்லாக் தீவுக்குப் போன பயணிகள் லாஞ்ச் கரைக்குச் சற்று முன்னால் பவளப்பாறையில் மோதியது. விளிம்பில் நின்றிருந்த காய்கறி வியாபாரி ஒருவர் கடலில் விழுந்து இறந்துபோனார். லாஞ்சை ஓட்டிய சாரங் ஜெய்னுலாப்தீன், கீழக்கரைக்காரர். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு எஞ்சின் சத்தத்துக்குள் யாரோ பேசுவது கேட்டது. அப்போதிருந்த டாக்டர் தினம் இரவில் ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு எஞ்சினில் எஞ்சின் மட்டும் கேட்டது.

லாஞ்சின் சொந்தக்காரர், காண்ட்ராக்டர் ஜெகநாதன், போலீஸில் சொன்னார்: "மருந்த நிறுத்திட்டான். பைத்தியம் முத்திப் பாறையில விட்டுட்டான்."

அன்று சாயங்காலமே சாரங்கின் சிறுநீர் ஒரு புட்டியில் வந்தது. திருநாவுக்கரசு சோதித்தார். வெளிர் ரோஜா, அட்டையின் முதல் கட்டம். படிவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே சொற்கள். பொருந்தாததை அடிக்க வேண்டும். 'இல்லை'யை அடித்துவிட்டு, மிச்சத்தைச் சீல் வைத்து ஐஸ்பெட்டியில் வைத்தார். ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ஜெகநாதன் வாக்குமூலத்தை மாற்றினார். "அதான் நானும் சொல்றேன். மருந்தத் தின்னுட்டுத் தூங்கிட்டான்."

ஆக, மருந்து இல்லையென்றால் பைத்தியம், இருந்தால் தூக்கம். இரண்டு வழியிலும் ஜெய்னுலாப்தீனுக்கு லைசென்ஸ் போகும், ஒரு உயிர் போனதற்கு ஜெயிலும் கிடைக்கும்.

விசாரணை அதிகாரி இராமகிருஷ்ணனின் அலுவலகம் மரைன் ஹில்லில் இருந்தது. திருநாவுக்கரசு ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கியபடி மேஜைமுன் நின்றார்.

"எவ்வளவுன்னு கேளுங்க சார். இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டா எப்படி?"

"எவ்வளவுன்னு எழுதப் படிவத்துல இடம் இல்லையே."

"ஓரத்துல எழுதுறேன்."

"ஓரம் பைல்ல கோக்கறதுக்கு. அங்க ஓட்டை விழும். முதல்ல உக்காருங்க."

"எழுதிட்டு உக்காருறேன் சார்."

இராமகிருஷ்ணன் கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர். அது சமயத்தில் இன்னும் கஷ்டம். "ஒரு மாத்திரைக்கு இந்த நிறம்னு உங்க அட்டை சொல்லுது. அட்டையை நான் குறுக்கு விசாரணை பண்ண முடியுமா? பதினெட்டு நாள்ல விசாரணை. ஆளைக் கொண்டாங்க."

அப்படியானால் ஆள் நானே என்று முடிவு செய்தார். தினம் இரவில் ஒரு மாத்திரை தனக்கும் வேண்டுமென்று டாக்டரிடம் போய் நின்றார்.

"பாகல் ஹோ?" என்றார் டாக்டர், பைத்தியமா என்று.

"அபி நஹி, சாப்." இன்னும் இல்லை.

டாக்டர் திட்டினார், நாடி பார்த்தார், அமிலப் புட்டியைத் தொடக் கூடாது என்று நிபந்தனை போட்டார், கடைசியில் கொடுத்தார்.

மறுநாள் காலை திருநாவுக்கரசு முக்காலியில் உட்கார்ந்தார். செய்தி வார்டு வார்டாகப் பரவியது. நர்ஸ் ஜெயமணி கதவில் சாய்ந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, முக்காலிக்குக் கல்யாணமா?" என்றாள். அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

மூன்றாம் நாள் சாரங்கின் மனைவி மெஹருன்னிசா வந்தாள். திருநாவுக்கரசு பொய் சொல்லத் தெரியாதவர்.

"நெறம் சரியா வருதும்மா. ஆனா அவரு தூங்கித்தான் இருப்பாருன்னு தோணுது. என்னால ஒரு வாளியக்கூட நேராத் தூக்க முடியல. இதுல லாஞ்ச எப்படி ஓட்டுறது?"

"மூணு நாள் தின்னுட்டுத் தீர்ப்புச் சொல்ல வந்துட்டீங்களாண்ணே?" அவள் குரல் உயர்ந்தது. "அவுக மூணு வருசமாத் திங்கிறாக. மொத பத்து நாளு சுவத்துல சாத்துன பாய் மாதிரிதான் கெடந்தாக. அப்புறம் கூரையில ஏறித் தகரம் மாத்துனாக. நீங்களும் பத்து நாளு தின்னு பாருங்க, அப்புறம் பேசுங்க."

அரைத்தூக்கத்திலும் அது அவருக்கு உறைத்தது. புது ஆளை வைத்துப் பழைய ஆளை அளப்பது பரிசோதனைக் கூடத்தில் முதல் வருடப் பையன் செய்கிற தப்பு. அன்றோடு நிறுத்துவதாக இருந்தவர் தொடர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எதற்கோ காத்திருந்தார். உள்ளுக்குள் என்னவோ எறும்பு மாதிரி ஓடிக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் எழ மறுத்தது. இத்தனை வேதனையான ஓய்வை அவர் அனுபவித்ததில்லை.

பதினோராம் நாள் விடியலில் சுத்தியல் சத்தம் கேட்டுச் சந்திரமதி எழுந்தாள். அடுப்படிச் சுவரில் அவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரக் கேட்டு இன்னும் ரெண்டு மாத்திரை சேத்து வாங்கக் கூடாதா?" என்றாள். பத்து நாள் தரையில் இலை போட்டுப் பரிமாறிய பெண்ணின் வருத்தம் அது.

விசாரணை நாளில் டாக்டர் இரண்டு குழாய்களை வைத்தார். ஒன்றில் ஐஸ்பெட்டியிலிருந்து வந்த சாரங்கின் சிறுநீர், மற்றதில் திருநாவுக்கரசுடையது. அமிலநீரை ஊற்றினார். அந்தப் பத்து நொடியும் இராமகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

சாரங்கின் புட்டியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. சுவரோரம் நின்ற ஜெய்னுலாப்தீன் கண்ணை மூடிக்கொண்டார். திருநாவுக்கரசு, "கண்ணாடியப் போட்டுக்குங்க சார், ஜல்தி!" என்று கத்தினார். இந்த முறை அதிகாரி குனிந்து பார்த்தார். இரண்டு குழாயிலும் ஒரே வெளிர் ரோஜா. அட்டையின் முதல் கட்டம்.

"அதனால என்ன?" என்றார் ஜெகநாதன். "ரெண்டு பேருமே தூங்குமூஞ்சின்னு ஆச்சு."

இராமகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். திருநாவுக்கரசு ஜன்னலில் எட்டிப் பார்த்து, மின்விசிறி சுவிட்சைத் தட்டி, மறுபடி மேஜைக்கு வந்துகொண்டிருந்தார்.

"இவரு நேத்து மாத்திரை போட்டாரா?"

"நானே கொடுத்தேன்" என்றார் டாக்டர். "பதினாறாவது."

"காலையிலேர்ந்து இவரை உக்காருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

ஒன்றையும் விடாமல் குறிக்கிற சுருக்கெழுத்தர் தாளைப் புரட்டினார். "ஏழு தடவை சார். ஒரு தடவைகூட உக்காரலை."

அதற்குப் பிறகுதான் அதிகாரிக்கு வேறு கேள்வி கேட்கத் தோன்றியது. பாறையைக் காட்டும் அடையாளக் கம்பம் விபத்துக்கு முந்தைய வாரக் காற்றில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதை இரண்டு படகுக்காரர்கள் சொன்னார்கள். முன்பே ஏன் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை.

சாரங்கின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. திருநாவுக்கரசைப் படிவத்தின் ஓரத்தில் 'வெளிர் ரோஜா, ஒரு மாத்திரை அளவு' என்று எழுதவும் விட்டார்கள். பைலில் கோத்தபோது ஓட்டை சரியாக 'வெளிர்' மேல் விழுந்தது.

லாஞ்ச் மறுபடி புறப்பட்ட காலையில் ஜெட்டியில் நாற்பது பேர் நின்றார்கள்; ஒருவரும் ஏறவில்லை. மாத்திரை தின்கிற சாரங். திருநாவுக்கரசு வந்தார். ஹேவ்லாக்கில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. ஏறினார், முன்முனைக்கு நடந்தார், பின்முனைக்கு வந்தார், மறுபடி முன்னால் போனார். அவர் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அண்ணே, ஒக்காருங்க!" என்று ஜெய்னுலாப்தீன் சுக்கானிலிருந்து கத்தினார். "படகு ஆடுதுல்ல!"

"பழக்கமில்ல, தம்பி."

"அப்ப அந்த மாத்திரைய எதுக்கு நிறுத்துனீங்க? எங்கிட்ட இருக்கு, தரவா?"

ஜெட்டியில் யாரோ சிரித்தார்கள். கோழிக்கூடை வைத்திருந்த ஒருத்தி முதலில் ஏறினாள், அவள் பின்னால் மற்றவர்கள். ஹேவ்லாக் வரும்வரை திருநாவுக்கரசு ஒரு கயிற்றுச் சுருளின் மேல், பாதி உட்கார்ந்தபடி வந்தார்.