பேப்பரில் சுற்றாத டப்பா

இரண்டாவது சிசேரியன் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. “இப்போ இன்னொண்ணு வந்தா உங்க உடம்பு தாங்காதும்மா, உயிருக்கே ஆபத்து,” என்று டாக்டரம்மா என் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். காண்டம் வாங்கி வருவது என் கணவர் பொறுப்பு என்று முடிவானது.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை மெடிக்கல்காரர் இவரை அரை டிராயரில் பார்த்தவராம். அந்த வெட்கத்தில் தி.நகர் வரை போவார். கடையில் பெண்கள் இல்லாத நேரம் பார்த்து, வாயைத் திறக்காமல் விரலால் காட்டுவார். கடைக்காரர்களும் நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் நேரே பீரோவில், புடவைக்கு அடியில். டப்பாவைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

ஒருநாள் ஒன்று கிழிந்துவிட்டது.

மறுநாள் காலை டப்பாவை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருக்கும். பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எதற்கென்று பார்த்ததும் புரியும். இதிலோ முன்பக்கம் முழுக்க ஸ்ட்ராபெர்ரி. கர்ப்பத்தைத் தடுக்கிற சாமான் என்பதே பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில்தான் இருந்தது. அதற்கும் கீழே தேதி. அது முடிந்து ஏழு மாதமாகியிருந்தது.

டாக்டரம்மா ஊரில் இல்லை. கரு தங்காமலிருக்கப் போடுகிற அவசர மாத்திரை கேட்டு அடையாறு வரை நாலு மெடிக்கல் ஏறி இறங்கினோம். “அதெல்லாம் வைக்கிறதில்லைங்க,” என்று நாலிலும் ஒரே பதில்.

பிறகு நாள் எண்ணுவதுதான் வேலை. சின்னதுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் நான் போய்விட்டால் இதுகள் இரண்டையும் யார் வளர்ப்பார்கள் என்றே நினைப்பு ஓடும். “ஒண்ணும் ஆகாது, விடு,” என்றார் இவர்.

“ஆச்சுன்னா உங்களுக்கா ஆகும்?” என்று எரிந்து விழுந்தேன்.

நாள் தள்ளிப்போனது. ஐந்தாம் நாள் நானே தெருமுனைக் கடைக்குப் போய், ஆறு பேர் நடுவில் கர்ப்பம் பார்க்கிற டெஸ்ட் கார்டு கேட்டேன். மெடிக்கல்காரர் கை தன்னால் நியூஸ்பேப்பரை இழுத்தது.

“சுத்தாதீங்க. தேதி பாக்கணும்,” என்றேன்.

ஒற்றைக் கோடுதான் வந்தது. கர்ப்பம் இல்லை. பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் இவரை அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் இருந்தது. மெல்ல விரலைத் தூக்கினார்.

“வாயைத் தொறந்து கேளுங்க,” என்றேன்.

தூக்கிய விரலை மடக்கிக்கொண்டார். அப்புறம், “காண்டம் குடுங்க மாமா,” என்றார். “தேதி பாத்துட்டு.”